அத்ஃபெல் தின்ற உலர்திராட்சை

ஊசி போடும் ஃபெத்தா பயப்படாத பொருள் அந்த மலையில் ஒன்றே ஒன்றுதான். ஊசி. மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தாள். மூடுபனிக்கு, இன்ஜின் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு, தாழ் போடாத கதவுக்கு, தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் இருக்கும் அமைதிக்கு. நாற்பத்தெட்டு வயதிலும் பட்டப்பகலில் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் நடந்தாள்.

ஆனால் தாக்ரார்த் ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் போய்வருகிற ஒரே ஆளும் அவள்தான். கீழே நகரத்து மருத்துவமனையில் செவிலியாக இருந்து, பிறகு ஊரோடு வந்துவிட்டவள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல், எந்தப் பெரியவர் ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நீண்ட மலைமுகடு ஒன்றின்மேல் வீடுகள் மூன்று கொத்தாகக் கிடந்தன. அவள் இருந்தது மேல்கொத்தில். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஆலிவ் மரங்கள், ஓடை, காட்டுப்பன்றி. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அந்தப் பாதையில் அவள் நடந்தாக வேண்டும்.

கெட்ட ஆண்டுகள் என்று மட்டும் எல்லோரும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் காலம் ஒன்று இருந்தது. அப்போது அவளுடைய அண்ணன் ஒருநாள் சாயங்காலம் கீழ்ச்சாலையில் வண்டியில் போனவன் திரும்பி வரவில்லை. சோதனைச் சாவடி மாதிரி வேஷம் போட்டு நின்றவர்கள் மறித்துவிட்டார்கள் என்றார்கள். வண்டி மட்டும் கிடைத்தது, விளக்கு எரிந்தபடி. அன்றிலிருந்து பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகு அந்தச் சாலையில் அவள் இறங்கியதே இல்லை.

நாய் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டாள். சாலை போட வந்தவர்கள் விட்டுப்போன குட்டி அது. மந்தை காக்கும் இனம். உடம்பெல்லாம் வெள்ளை முடி என்பதால் அத்ஃபெல் என்று பெயர் வைத்தாள். அந்த ஊர்ப் பேச்சில் வெண்பனி என்று அர்த்தம். அவளுக்கு முன்னால் பத்தடி போகும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். அவள் வந்து சேர்ந்ததும் இன்னொரு பத்தடி. அந்தப் பத்தடிகளைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு வருடமாக அந்த ஊருக்கு மருந்து போய்ச் சேர்ந்தது.

ஊசி போடப் போகிற வீடுகளில் பழம் கொடுத்தனுப்புவது வழக்கம். கடைசி வீடு முடிந்ததும் ஓடைக்கரையில் உட்கார்ந்து, சின்னக் கத்தியை எடுத்து, ஒரு ஆப்பிளில் கால் பங்கை வெட்டுவாள். விதை, நடுத்தண்டு எல்லாம் நீக்கி, விரல்நுனி அளவுக்கு நறுக்கி, உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். மற்ற நாட்களில் அத்ஃபெல் எவ்வளவு உருக்கமாகப் பார்த்தாலும் கத்தி வெளியே வராது.

நடுக்கொத்தில் இருந்த ஸ்கூரா இதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளை பெத்து வந்த மருமகளுக்குக்கூட யாரும் இப்படி நறுக்கிக் கொடுக்கலக்கா. என் மாமியார் இருந்தவரைக்கும் ஆப்பிளத் தூக்கி எறிவாங்க, நான் பிடிச்சுப்பேன்."

"உனக்குப் பல்லும் இருக்கு, புத்தியும் இருக்கு. அதுக்குப் பல்லு மட்டும்தான்" என்றாள் ஃபெத்தா.

பழத்துக்கும் பயப்பட அவளுக்குக் கற்றுக்கொடுத்தது, சந்தை நகரத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்கும் லூனிஸ் டாக்டர். அத்ஃபெலுக்கு முதல் வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அன்று அவள் ஒவ்வொரு பழமாகக் கேட்டாள். அவரும் சிரிக்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஆப்பிள், பேரிக்காய், விதை எடுத்துட்டுக் கொடு. தர்பூசணி, விதையும் தோலும் இல்லாம. பேரீச்சம்பழம் கொட்டை எடுத்து ஒண்ணே ஒண்ணு. அது முழுக்கச் சர்க்கரை. ஆரஞ்சுல ஒரு சுளை. அத்திப்பழம் பாதி, வயித்துக்கு ஒத்துக்குதான்னு பாத்துட்டு."

"கள்ளிப்பழம்?"

"விதை அத்தனையும் குடல்ல போய்க் கெட்டியா அடைச்சுக்கும். வேணாம். எதுவானாலும் ஆசைக்கு ஒரு துண்டு, சோத்துக்குப் பதிலா இல்ல."

"திராட்சை?"

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஒண்ணுகூட வேணாம், தங்கச்சி. பச்சையும் வேணாம், காஞ்சதும் வேணாம். ஒரு நாய் ஒரு குலையே தின்னுட்டு வாலாட்டிட்டுப் போகும். இன்னொண்ணு ஒரு பிடி தின்னும், மூணாம் நாள் சிறுநீரகம் நின்னுபோகும். அதுல இருக்கற ஏதோ புளிப்புதான்னு இப்ப சொல்றாங்க. எந்த நாய்க்கு எத்தனைன்னு யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது என்ற இடத்தில்தான் ஃபெத்தாவுக்குப் பயம் பிடித்தது. தெரிந்த அளவு என்றால் அவள் பயப்பட மாட்டாள். அளவு தெரிந்த விஷங்களோடுதானே அவளுக்கு வேலை.

யென்னாயர் வந்தது. ஜனவரி பன்னிரண்டு, அவர்களுக்கு ஆண்டின் முதல் நாள். ஸ்கூராவின் மகள் தீஸிரிக்கு அது முதல் யென்னாயர். அந்த வருடம் பிறந்த குழந்தையைப் பெரிய மரத்தாம்பாளத்தில் உட்காரவைத்து, பாதாம், அக்ரூட், காய்ந்த அத்தி, பேரீச்சை, மிட்டாய், உலர்திராட்சை எல்லாம் கலந்து தலைவழியே கொட்டுவார்கள். வருடம் அப்படி நிறைந்து வழியட்டும் என்று. தரையில் சிதறியதைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னலாம். ஆனால் அன்று யாரும் தரையைக் கூட்டக் கூடாது. துடைப்பத்தை முந்தின நாளே ஒளித்துவைத்துவிடுவார்கள். கூட்டினால் வந்த வளமும் சேர்ந்து வாசலுக்குப் போய்விடும். கதவைச் சாத்தவும் கூடாது. கெட்ட வார்த்தை ஒன்று வாயிலிருந்து வரக் கூடாது.

ஸ்கூராவின் மாமனார் அக்லிக்குச் சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். ஃபெத்தா மதியம் தாண்டியதுமே கிளம்பிவிட்டாள். மூடுபனி முகட்டை மூடியிருந்தது. வழக்கமாக விருந்து வீடு என்றால் அத்ஃபெலை வெளிவாசல் அத்தி மரத்தில் கட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். அன்று வெளிவாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே முற்றமே தெரியவில்லை. வெறும் வெள்ளை. கயிறு கையிலேயே இருந்தது. அந்த முப்பதடியைத் தனியாகக் கடக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாயோடு படி வரைக்கும் வந்து, "இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் அப்போதுதான் கொட்டி முடித்திருந்தார்கள். தாம்பாளத்தில் தீஸிரி ஒரு பேரீச்சம்பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் திராட்சை. ஸ்கூராவின் புருஷன் மெஸியான் தன் வீட்டுப் பந்தலில் காய்த்ததைக் கூரைமேல் தானே உலர்த்தியது. அந்தப் பெருமையில் இரண்டு மடங்கு கலந்திருந்தான்.

ஃபெத்தா உள்ளறையில் அக்லியின் வயிற்றுச் சதையைப் பிடித்து ஊசியை இறக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பாரு பாரு, இதுக்கும் வருஷப் பங்கு வேணுமாம்!"

"விடுங்கப்பா, நல்ல நாள்ல வாயில்லா ஜீவன விரட்டாதீங்க."

ஊசியை எடுத்த கையோடு வெளியே வந்தாள். அத்ஃபெல் தரையை நக்கிக்கொண்டே சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போன வழி மட்டும் சுத்தமாக இருந்தது, துடைப்பம் போட்ட மாதிரி.

ஃபெத்தா ஓடினாள். நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை, நாக்கு மட்டும் இனிப்பாக ஒட்டியது.

"எவ்வளவு தின்னுச்சு?"

"எண்ணியா பாத்தோம்?" என்று மெஸியான் சிரித்தான். "சும்மா விடுக்கா. எங்க தாத்தா வீட்டு நாய் திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே படுத்திருக்கும். பதினாலு வருஷம் இருந்துச்சு."

"எவ்வளவு தின்னுச்சு, சொல்லுங்க யாராச்சும்."

"ஒரு பிடி இருக்கும். ரெண்டு பிடி. இப்ப என்ன?" ஸ்கூராவின் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டு வந்தது. ஃபெத்தா முழங்காலிட்டு, தரையில் மிச்சமிருந்ததை இரண்டு கையாலும் வாரிச் சேர்க்கத் தொடங்கியிருந்தாள். "அக்கா, என்ன பண்றே நீ? இன்னிக்குத் தரைய வாரக் கூடாது. அக்கா!"

என்ன சொல்ல வேண்டும் என்று ஃபெத்தாவுக்குத் தெரியும். சொல்லக் கூடாத நாள் என்பதும் தெரியும். இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் நடுவே அவள் குரலை உயர்த்திப் பேசி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அத்ஃபெல் அவள் கன்னத்தை நக்கியது.

"இது நாய்க்கு விஷம்" என்றாள். "உங்க வீட்டுத் திராட்சை என் நாயக் கொன்னுடும்."

ஸ்கூரா மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வந்த மாதிரி.

"என் பொண்ணு தலையில கொட்டினத விஷம்ங்கற. இன்னிக்கு. என் வீட்டுல நின்னுக்கிட்டு."

ஃபெத்தா லூனிஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். இரண்டாவது முறைதான் எடுத்தார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பத்து நிமிஷம். கால் மணி."

"உடனே கொண்டு வா. இன்னும் வயித்துலதான் இருக்கும்."

"உப்புத்தண்ணி கொடுத்தா வாந்தி எடுக்குமே, டாக்டர்" என்று பக்கத்திலிருந்து யாரோ கத்தியது அவருக்கும் கேட்டுவிட்டது.

"உப்பும் வேணாம், எண்ணெயும் வேணாம், விரலும் விட வேணாம். உப்பு தனியா ஒரு விஷம். கிளம்பு நீ."

அப்போது மசூதியில் அஸர் அழைப்பு எழுந்தது. கீழே பதினான்கு கிலோமீட்டர், அந்தச் சாலையில். ஃபெத்தா மெஸியானைப் பார்த்தாள். அவன் மனைவியைப் பார்த்தான். ஸ்கூரா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சாவி எங்க வெச்சேன்" என்று சட்டைப்பையைத் தடவிக்கொண்டே மெஸியான் வெளியே நடந்தான்.

வண்டியில் அவள் பின்பக்கம் ஆலிவ் சாக்குகளுக்கு நடுவே நாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் விளக்கு எரிந்தபடி நிற்கும் வண்டி தெரிந்தது. திறந்தால் வெள்ளை. ஒரு வளைவில் எதிரே யாரோ கையைக் காட்டினார்கள். மெஸியான் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாதே! நிறுத்தாதே மெஸியான்!"

"ஆடு ஓட்டிட்டு வர்றாருக்கா. ஆடு. ஏத்திட்டா போக முடியும்?"

ஆடுகள் வண்டியின் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு கடந்தன. அது முடியும்வரை ஃபெத்தா மூச்சு விடவில்லை. நாயின் விலா எலும்புகளுக்கு மேல் கையை வைத்து, அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

லூனிஸ் டாக்டர் வீட்டுச் செருப்போடு வந்து கதவைத் திறந்தார். கையில் கோழிக் குழம்பு வாசம் இன்னும் போகவில்லை. நாயை மேசைமேல் ஏற்றி, வாந்தி வரவழைக்கும் மருந்தை ஏற்றி, ஊசியை அவளிடம் நீட்டினார்.

"நீயே போடேன். உன் கைக்கு அது அசையாம நிக்கும்."

ஃபெத்தா பின்வாங்கினாள். "என்னால முடியாது, டாக்டர்" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஊசியைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐந்து நிமிடத்தில் அத்ஃபெல் குனிந்து குமட்டியது. ஒருமுறை, மூன்றுமுறை, ஏழுமுறை. டாக்டர் சின்னக் குச்சியால் கிளறிப் பார்த்தார். நாற்பத்தொரு திராட்சை, ஊதிப் பெருத்து. அத்தித் துண்டுகள். மிட்டாய்த் தாள் ஒன்று.

"முழுசும் வந்துடுச்சா?"

"வந்திருக்கலாம். கொஞ்சம் உள்ள போயிருக்கலாம்." கரித்தூளைக் கரைத்து நாய்க்குப் புகட்டிக்கொண்டே சொன்னார். "ரெண்டு நாள் குளுக்கோஸ் இல்லாத உப்புநீர் ஏத்தணும். எங்கிட்ட ஆட்டுக் கொட்டகைதான் இருக்கு. நீ செவிலி, உன் வீட்டுல ஏத்து. தினம் ரத்தம் எடுத்து அனுப்பு. ஒண்ணுக்குப் போகுதான்னு பாத்துக்கிட்டே இரு. அது நின்னா எனக்குப் போன் பண்ணு. மூணு நாள் தாண்டினா தாண்டின மாதிரி."

மூன்று நாள் என்பதை ஊரே கேட்டுத் தெரிந்துகொண்டது. ஃபெத்தா நாயை விட்டு நகராததால் ஊசி போட்டுக்கொள்ள அவர்கள்தான் வர வேண்டியிருந்தது. மறுநாள் காலையிலிருந்து மேல்கொத்துக்கு ஆள் ஏறி வந்தபடி இருந்தது. உள்ளே நுழைந்ததும் சலாம் சொல்லி, அடுத்த வார்த்தையாகக் கேட்டார்கள்:

"ஒண்ணுக்குப் போச்சா?"

"காலையில போச்சு."

"நிறையவா?"

"ஓரளவுக்கு."

"என்னை யாரும் இப்படி ஒருநாள் கேட்டதில்ல" என்றார் சர்க்கரைக்காரர் ஒருவர், கையைச் சுருட்டி நீட்டிக்கொண்டே.

எழுந்து வரவே முடியாதவர் அக்லி ஒருவர்தான். அவருக்கு மெஸியான் வந்து மருந்து ஏற்றிய ஊசியை வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாள்தான். "கை நடுங்குதுக்கா, எங்கப்பா என்னையே திட்டறாரு" என்று மூன்றாம் நாள் மறுத்துவிட்டான்.

இரண்டாம் நாள் காலையில் அத்ஃபெல் ஒன்றுக்குப் போகவில்லை. பத்து மணிக்கும் இல்லை. பாட்டிலில் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது, உள்ளே போனது எங்கே போகிறது என்று தெரியவில்லை. மூக்கு வறண்டிருந்தது. ஃபெத்தா கம்பளியில் நாயின் பக்கத்தில் படுத்து அதன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள். "அஸர் வரைக்கும் பாரு, இல்லேன்னா கொண்டு வா" என்றார். மறுபடியும் அஸர். மறுபடியும் அந்தச் சாலை.

மதியம் கதவு தட்டாமலே திறந்தது. ஸ்கூரா, முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு. இரண்டு நாளாகச் சேர்த்துவைத்த கோபத்தோடு வந்தவள் போலத்தான் இருந்தாள்.

"உன் நாய் செத்துடுமா?"

"தெரியல."

"தெரியலன்னு சொல்லாதே அக்கா. ரெண்டு நாளாத் தூக்கமில்ல எனக்கு. என் பொண்ணு தலையில கொட்டினத அது தின்னிருக்கு. அதுல ஒரு உயிர் போச்சுன்னா இவளோட வருஷம் என்ன ஆகும்? நீ வேற அந்த வார்த்தையச் சொல்லிட்டே. எல்லாரும் கேட்டாங்க." முதுகிலிருந்து குழந்தையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "அது பொழைக்கணும். உனக்காக இல்ல. புரியுதா?"

ஃபெத்தாவுக்குப் புரிந்தது. தன்னைவிடப் பயந்த ஒருத்தி தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. எழுந்து ஒரு மணையை நகர்த்திப் போட்டாள். இரண்டு பேரும் நாயின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். சொட்டு விழுவதைப் பார்த்தார்கள். தீஸிரி தூங்கிப்போனாள். சன்னல் வழியே பனி சாம்பல் நிறமாகிக்கொண்டு வந்தது.

முதலில் பார்த்தது ஸ்கூராதான். கம்பளி ஓரம் கறுத்தது. கறுப்பு மெல்லப் பெருகி அவள் பாவாடை விளிம்பு வரை வந்தது.

"அக்கா! போகுது! போகுது! ஐயோ, என் பாவாடையெல்லாம்... இன்னும் போகுது!" நகரவே இல்லை அவள். நனைந்தபடி உட்கார்ந்துகொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். ஃபெத்தா குனிந்து மோந்து பார்த்தாள், நிறத்தைப் பார்த்தாள், ஒரு செவிலி பார்க்கும் விதமாக. அவளால் இன்னும் சிரிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ரத்தம் பாக்கி இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ரத்தம் எடுத்து மெஸியானிடம் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் வரைக்கும் பதில் இல்லை. அக்லியின் இன்சுலின் வேளை நெருங்கியது. ஸ்கூரா முந்தின நாள் போலவே குழந்தையோடு வந்து நாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நீ போய்ட்டு வா. இத நான் பாத்துக்கறேன். அங்க கிழவர் பசியோட உக்காந்திருப்பார்."

ஆறு வருடத்தில் முதல்முறையாக ஃபெத்தா அந்தப் பாதையில் தனியாக இறங்கினாள். முன்னால் எதுவும் இல்லை. ஆலிவ் மரங்கள் ஆட்கள் மாதிரி நின்றன. ஓடைக்குக் கொஞ்சம் முன்னால், புதருக்குள் ஏதோ கனமாக நகர்ந்தது. நின்றுவிட்டாள். அதுவும் நின்றது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அந்தச் சத்தத்துக்கே அவள் பை கீழே விழுந்தது.

"தங்கச்சி, ரத்தம் பாத்தேன்" என்றார் லூனிஸ் டாக்டர். "எல்லாம் இருக்க வேண்டிய அளவுல இருக்கு. அடுத்த வாரம் ஒரு தடவை பாப்போம். தாண்டிருச்சு."

"மறுபடி சொல்லுங்க."

"தாண்டிருச்சுன்னேன்."

"இன்னொரு தடவை."

அவர் இன்னொரு தடவை சொன்னார். ஃபெத்தா பையைப் பொறுக்கி எடுத்து, ஸ்கூராவைக் கூப்பிட்டாள். சொன்னதும் காது கிழிகிற மாதிரி ஓர் ஓலம் அந்தப் பக்கமிருந்து வந்தது. "எழுந்து நிக்குதுக்கா! இவ வாலப் பிடிச்சு இழுக்கறா! நீ திரும்பி வா, உடனே வா!"

"வாலத் தொட விடாதே. உன் மாமனாருக்குப் போட்டுட்டு வரேன்." புதர் மறுபடியும் அசைந்தது. ஃபெத்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ஸ்கூரா, வெச்சுடாதே. பேசிக்கிட்டே இரு. நான் ஓடைகிட்டத் தனியா நிக்கறேன்."

"என்ன பேசறது?"

"எதையாச்சும். உன் மாமனாரைப் பத்திப் பேசு."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது ஸ்கூராவுக்கு. அவர் உப்பில்லாக் கஞ்சியைத் தள்ளிவிட்டதில் ஆரம்பித்தாள். வேண்டுமென்றே காது கேட்காதது போல நடிப்பது, ஒளித்துவைத்த தேனை மோப்பம் பிடிப்பது, பல்செட்டைக் காபிக் கோப்பையில் போடுவது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஃபெத்தா "ம்", "அப்புறம்" என்றபடி ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தாள். ஓடை பின்னால் போனது. ஸ்கூராவின் கல்யாணத்து மூன்றாம் நாள் அவர் என்ன சொன்னார் என்ற இடத்துக்கு வந்தபோது, ஃபெத்தா அவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், பெரியவரே, சட்டையைத் தூக்குங்க என்று சைகை காட்டினாள்.